வீட்டில் பாதி வாக்கியம் போதும்

"என்ன பாப்பா, ஸ்கூல் போகலையா? உடம்பு சரியில்லையா?"

காலை பத்தரை மணிக்கு மின்தூக்கியில் ஏறினால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஈசூனில் எங்கள் புளோக்கில் எனக்குத் தெரிந்த எல்லா ஆன்டிகளும் ஒருமுறையாவது கேட்டிருக்கிறார்கள். "வீட்லதான் படிக்கிறேன் ஆன்டி" என்று சொன்னால், அடுத்த கேள்வி இன்னும் கவலையோடு வரும். "ஏம்மா, என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை. ஏழு வயதிலிருந்து பதினாறு வயதுவரை நான் வீட்டிலேயே படித்தேன், அவ்வளவுதான். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடல்சார் அறிவியல் முதலாண்டு. இந்த விவரம் வகுப்பில் தெரியவந்த நாளிலிருந்து மின்தூக்கி ஆன்டிகளின் இடத்தை என் வகுப்புத் தோழர்கள் எடுத்துக்கொண்டார்கள். "அப்போ நாள் முழுக்க என்னதான் செய்வே? தேர்வு உண்டா? எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?"

எழுந்திருப்பது ஏழு மணிக்கு. மற்றக் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் அப்பா விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகலும் இரவும் மாறி மாறி வரும். நான் பாலர் பள்ளிக்குப் போன காலத்தில், வாரத்தில் மூன்று நான்கு நாள் அப்பாவைக் கண்ணாலேயே பார்க்க முடியாது. நான் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், நான் தூங்கும்போது அவர் வேலையில் இருப்பார். அம்மா வேதியியல் படித்தவர், ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். தொடக்கநிலை ஒன்றுக்கு என்னைப் பதிவு செய்யும் ஆண்டில் இருவரும் உட்கார்ந்து பேசி, அம்மா வேலையை விடுவது என்று முடிவெடுத்தார்கள். ஒரே சம்பளம். வெளிநாட்டு விடுமுறை கிடையாது, துணைப்பாட வகுப்பும் கிடையாது. பாட்டி மட்டும் உண்டு.

நினைத்தவுடன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. சிங்கப்பூரில் கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடப்புக்கு வந்தது. வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து விலக்குப் பெற வேண்டும். யார் கற்பிக்கப் போகிறார், அவருடைய தகுதி என்ன, என்ன பாடத்திட்டம் என்பதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்டுதோறும் பிள்ளையின் முன்னேற்றத்தைப் பற்றி அறிக்கை அனுப்ப வேண்டும். கடைசியில், எல்லாப் பிள்ளைகளையும் போலவே பிஎஸ்எல்இ எழுத வேண்டும்.

எழுதினால் மட்டும் போதாது. அந்த ஆண்டு நான்கு பாடங்களைப் பொது நிலையில் எழுதிய மாணவர்களில் நூறு பேரைக் கீழிருந்து மேலாக நிற்க வைத்தால், 33வது இடத்தில் நிற்பவரின் மதிப்பெண்ணையாவது நாங்கள் எட்ட வேண்டும். எட்டாவிட்டால் மறு ஆண்டு மீண்டும் எழுத வேண்டும். பள்ளி மாணவர்களுக்கு இப்படி ஓர் எல்லைக்கோடு இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், அந்த ஆண்டின் பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில், அம்மா "33" என்று மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார். தம்பி அதைப் பேருந்து எண் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

தோசை மாவும் நண்டுக் கணக்கும்

கணிதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தினமும் காலை எட்டரையிலிருந்து பத்து மணிவரை, அழுகையுடன் அல்லது அழுகை இல்லாமல். வீட்டுக்கல்வி என்றால் பிடித்ததை மட்டும் படிக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் என் அம்மாவைச் சந்தித்ததில்லை.

மற்றப் பாடங்களுக்கு நேரம் வேறு மாதிரி ஓடும். ஒன்பது வயதில் ஒருநாள், தோசை மாவை ஏன் கையால்தான் கரைக்க வேண்டும் என்று பாட்டியிடம் கேட்டேன். "கைச்சூடு பட்டாத்தான் புளிக்கும்" என்றார் பாட்டி. அம்மா அடுப்புப் பக்கமிருந்து திரும்பி, "அப்படியா? எப்படித் தெரியும்?" என்று கேட்டார். மாமியாரிடம் கேட்டாரா என்னிடம் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடிப் பாட்டில்கள். ஒன்றில் கையால் கரைத்த மாவு, ஒன்றில் கரண்டியால் கரைத்தது, ஒன்று குளிர்பதனப் பெட்டியில், இன்னொன்று சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் சூடான இடத்தில். ஒவ்வொரு பாட்டிலிலும் மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம். மணிக்கொரு முறை அளவுகோலால் அளந்து குறிக்க வேண்டும். முதல் மூன்று மணி நேரம் எதுவுமே நடக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. ஐந்தாவது மணி நேரத்தில் சோற்றுப் பானைப் பாட்டில் எழும்ப ஆரம்பித்தது. எட்டாவது மணி நேரத்தில் அது மூடியைத் தொட்டது. குளிர்பதனப் பெட்டியில் இருந்தது அசையவே இல்லை.

உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகின்றன, உளுந்தின் பசை அந்தக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பதை அம்மா அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார். சூடு கூடினால் அவற்றின் வேலை வேகமாகும் என்பதை அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கையா, கரண்டியா என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை. முதல்முறை கை ஜெயித்தது. மறுமுறை கரண்டி. ஐந்து தடவை செய்த பிறகு இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு வாரமும் வீட்டில் காலையிலும் இரவிலும் தோசைதான். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். நான் வரைந்த வரைபடத்தைப் பாட்டியிடம் காட்டி, "பாருங்க பாட்டி, கைக்கும் கரண்டிக்கும் ஒண்ணும் வித்தியாசம் இல்ல" என்றேன். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்துவிட்டு, "உயரத்தை அளந்தே சரி. ருசியை அளந்தியா?" என்று கேட்டார். அளக்கவில்லை.

அப்பாவின் ஓய்வு நாள் வாரத்துக்கு வாரம் மாறும். பாதி நேரம் அது செவ்வாயாகவோ வியாழனாகவோ இருக்கும். ஊர் வேலைக்குப் போகும் நாளில் நாங்கள் நால்வரும் பேருந்தில் உட்கார்ந்து பாசிர் ரிஸ் பூங்காவின் சதுப்புநிலக் காட்டுக்கோ சுங்கை பூலோவுக்கோ போவோம். அங்கே போக நேரம் பார்க்க வேண்டும். கடல் வற்றியிருக்கும்போதுதான் சேற்றில் இருப்பவை கண்ணுக்குத் தெரியும். அந்த நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீர் மிக அதிகமாக ஏறி, மிக அதிகமாக வற்றும். அம்மா இணையத்தில் கடல்மட்ட அட்டவணையைப் பார்ப்பார். நான் பாட்டியின் நாள்காட்டியைப் பார்ப்பேன். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். விரதத்துக்காகப் பாட்டி வாங்கிய நாள்காட்டி எனக்கு அறிவியல் கருவியானது அப்படித்தான்.

பாசிர் ரிஸ் நடைபாதைக்குக் கீழே, சேற்றில், ஃபிட்லர் நண்டுகள் இருக்கின்றன. நகம் அளவுக்குச் சின்ன நண்டு. ஆணுக்கு மட்டும் ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிதாக இருக்கும், மற்றது குட்டி. பெரிய கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிப் பெண் நண்டைக் கூப்பிடும். பத்து வயதில் எனக்கு ஒரு சந்தேகம். சிலவற்றுக்குப் பெரிய கொடுக்கு வலப்பக்கம், சிலவற்றுக்கு இடப்பக்கம். மனிதர்களைப் போல வலக்கைக்காரர்கள்தான் அதிகமா?

எண்ண ஆரம்பித்தேன். இரண்டு முறை போய் 112 நண்டுகளை எண்ணி, 59 வலது, 53 இடது என்று பெருமையாக அம்மாவிடம் நீட்டினேன். "ஒரே நண்டை ரெண்டு தடவை எண்ணலன்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்டார் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. நண்டுக்குப் பெயர் எழுதி ஒட்டவா முடியும்? நான்கு நாள் அதையே யோசித்தேன். அப்பாதான் வழி சொன்னார் என்று எழுதினால் அவருக்குப் பிடிக்கும், ஆனால் உண்மையில் அது நானே கண்டுபிடித்தது: கைப்பிடிக் கம்பிகளில் இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட சேற்றை ஒரே ஒரு படம் எடுத்து, அந்தப் படத்தில் இருப்பதை மட்டும் எண்ணுவது. ஒரு படத்துக்குள் ஒரு நண்டு இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அடுத்த படத்துக்கு வேறு தூண்கள். இதைச் செய்து முடிக்க ஆறு வாரம் ஆனது. பாதிக்குப் பாதி என்று வந்தது. பிறகு நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் புரட்டியபோது, பெரும்பாலான ஃபிட்லர் நண்டு இனங்களில் வலதும் இடதும் ஏறத்தாழ சமம் என்று எழுதியிருந்தது. எனக்கு முன்பே யாரோ எண்ணியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது நினைவிருக்கிறது. இன்று நான் எடுத்திருக்கும் படிப்புக்கு விதை அந்த ஆறு வாரம்தான். பள்ளி அட்டவணையில் ஒரு நண்டுக்கு யாரும் ஆறு வாரம் தரமாட்டார்கள் என்பதை என் வகுப்புத் தோழர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

"யார்? எதை?"

இதுவரை சொன்னதைப் படித்தால் எல்லாம் இனிமையாக நடந்ததுபோல் தெரியும். இனிமையில்லாததையும் சொல்கிறேன்.

தமிழுக்குப் பாட்டிதான் ஆசிரியர். பாட்டி உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். 1946ல் தொடங்கி, 1960ல் உயர்நிலைப் பள்ளியாகி, சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக இருந்து 1982ல் மூடப்பட்ட பள்ளி அது. தினமும் மத்தியானம் நாளிதழிலிருந்து ஒரு செய்தியை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். 'ழ' சரியாக வராவிட்டால் முதல் வரியிலிருந்து மறுபடியும். என் வாசிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. வீட்டில் எல்லாரும் தமிழில்தான் பேசுவோம். அதனால் நான்கு பாடங்களில் தமிழைப் பற்றி மட்டும் யாருமே கவலைப்படவில்லை.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி. ஆகஸ்ட்டில் வாய்மொழித் தேர்வு. அதற்கு முன்னோட்டமாக, பாட்டிக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் அம்மா என்னை அழைத்துப் போனார். தோ பாயோவில் அவர் வீடு. வாசிப்பு முடிந்தது, அவர் முகம் மலர்ந்தது. பிறகு கைப்பேசியில் ஒரு சிறிய காணொளியைக் காட்டினார். உணவங்காடி நிலையத்தில் ஒரு மூதாட்டி தட்டைத் தவறவிடுகிறார், ஒரு பையன் ஓடிவந்து உதவுகிறான். பார்த்ததைச் சொல்லச் சொன்னார்.

"அவங்க கீழ போட்டுட்டாங்க. அப்புறம் இவன் வந்து அதை எடுத்து... அவ்ளோதான்."

"யார் கீழே போட்டார்கள்? எதை?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். காணொளியை அவரும்தானே பார்த்தார், எதற்குக் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்தடுத்து அவர் கேட்ட எதற்கும் மூன்று சொல்லுக்கு மேல் என்னால் பேச முடியவில்லை. கடைசியில் வாயே திறக்கவில்லை.

பேச்சுத்தமிழில் பேசியது குற்றமில்லை, அதைத் தேர்வே ஏற்றுக்கொள்கிறது. அவர் அம்மாவிடம் சொன்னது வேறு. "வாசிப்பு அந்தக் காலத்துத் தமிழ்ப் பள்ளி வாசிப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா எதிர்ல இருக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது, நாமதான் சொல்லணும்கிறது பிள்ளைக்குத் தெரியல. இதுவரைக்கும் அப்படி ஓர் ஆளை அது பார்த்ததே இல்லபோல."

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா பேசவில்லை. அன்று இரவு அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து, "நான் தப்பு பண்ணிட்டேனாங்க?" என்று அம்மா கேட்டதும், அப்பா வெகுநேரம் கழித்து "இன்னும் ஆறு மாசம் இருக்கு" என்று சொன்னதும் என் காதில் விழுந்தன. பள்ளியில் சேர்த்துவிடலாமா என்ற பேச்சும் வந்தது. அம்மாவின் பயம் சுவரில் ஒட்டியிருந்த 33 மட்டுமல்ல. என்னை நான்கு சுவருக்குள் வைத்துவிட்டோமோ என்பது.

இப்போது யோசித்தால், ஆசிரியர் சொன்னது எவ்வளவு சரி என்று தெரிகிறது. எங்கள் வீட்டில் பாதி வாக்கியம் போதும். "அது எங்க?" என்றால் எது என்று எல்லாருக்கும் தெரியும். "அவரு வந்தாரா?" என்றால் யார் என்று கேட்க வேண்டியதில்லை. நண்டு எண்ணிய கதையை அம்மாவிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை. அவரும்தானே பக்கத்தில் நின்றார். ஒன்பது வயதுத் தோசை மாவு ஆராய்ச்சியை வகுப்பில் எழுந்து நின்று முப்பது பேருக்கு விளக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அந்த முப்பது பேர் எனக்கு இல்லை.

தேக்காவில் கைநீட்டக் கூடாது

மறுவாரமே அம்மா அட்டவணையை மாற்றினார். வாரம் இருமுறை தேக்கா ஈரச்சந்தை. கையில் பணம், பட்டியல் கிடையாது. விதி ஒன்றே ஒன்றுதான்: எதையும் கைநீட்டிக் காட்டக் கூடாது, வாயால்தான் கேட்க வேண்டும். அம்மா பத்தடி தள்ளி நிற்பார், உதவிக்கு வரமாட்டார்.

முதல் நாள் மீன் கடையில், "மீன் வேணும்" என்றேன். "என்ன மீன்?" என்றார் கடைக்காரர். "அந்த... வெள்ளையா இருக்கே..." அவர் முன்னால் இருந்த மீன் எல்லாமே வெள்ளைதான். வரிசையில் பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். திரும்பி நடந்துவிட்டேன். அன்று வீட்டில் சாம்பார்.

அன்று மாலை பாட்டியிடம் மீன் பெயர்களைப் படித்தேன். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கெளுத்தி, நெத்திலி. எது குழம்புக்கு, எது பொரிக்க, எதை எப்படி வெட்டச் சொல்ல வேண்டும். அடுத்த முறை வேறு கடைக்குப் போனேன், முதல் கடைக்காரர் முகத்தில் விழிக்க வெட்கம். அந்தக் கடைக்காரர் சீனர். நான் ஆங்கிலத்தில் தொடங்கப் போக, அவர் முந்திக்கொண்டு, "என்னா மீன் மா? கொழம்பா, பொரிக்கவா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா பத்தடி தூரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அரைக் கிலோ வஞ்சிரம், குழம்புக்கு, துண்டு பெரிதாக வேண்டாம், தலையும் கொடுங்கள் என்று முழுதாகச் சொல்லி வாங்கி வந்தேன். வாழ்க்கையில் நான் அறியாத ஒருவரிடம் பேசிய முதல் நான்கு முழு வாக்கியங்கள் அவையாகத்தான் இருக்கும்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. ஏப்ரல் 7ஆம் தேதி கிருமிப் பரவல் முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. மறுநாள் முதல் எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. "இப்போ எல்லாரும் உன்னை மாதிரிதான்" என்று என் மாமா மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவள் வீட்டிலிருந்தாலும் திரையில் அவளுடைய வகுப்பும் ஆசிரியரும் இருந்தார்கள். எனக்கு இருந்த ஒரே வகுப்பறையான தேக்கா கைநழுவிப் போயிருந்தது.

அந்த இடத்துக்கு வந்தவர் ஈப்போவிலிருந்த சின்னப் பாட்டி.

சின்னப் பாட்டி என் பாட்டியின் தங்கை. ஈப்போவில் தனியாக இருக்கிறார். மலேசியாவில் மார்ச் 18 முதலே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டதால் வாசலைத் தாண்ட முடியாமல் கிடந்தார். கண்பார்வை மங்கல், காணொளி அழைப்பு அவருக்குப் பயனில்லை. வீட்டுத் தொலைபேசி மட்டும்தான். பாட்டி பேசி முடித்ததும் ஒருநாள் ஒலிவாங்கியை என்னிடம் கொடுத்தார். "நீங்க இருக்கற வீடு எப்படி இருக்கும்னு சொல்லு கண்ணு, நான் வந்து பார்த்ததே இல்லையே" என்றார் சின்னப் பாட்டி.

தினமும் மாலை நான்கு மணிக்கு இருபது நிமிடம் என்று அது பழக்கமாகிவிட்டது. சின்னப் பாட்டி நாற்பது ஆண்டு துணி தைத்தவர். எதிலும் அளவு சரியாக இருக்க வேண்டும். கூடத்தில் அலமாரி சன்னலுக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று ஒருநாள் சொன்னேன். மூன்று நாள் கழித்து, பால்கனிக் கதவைப் பற்றிச் சொல்லும்போது நிறுத்தினார். "இரு இரு. அலமாரி அங்க இருந்தா இந்தக் கதவு எப்படித் திறக்கும்? இடிக்குமே." போய்ப் பார்த்தேன். அலமாரி வலப்பக்கம்தான் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்த்த அலமாரி.

அதன்பிறகு, மூன்றரை மணிக்கே உட்கார்ந்து குறிப்பு எழுத ஆரம்பித்தேன். இன்று எதைச் சொல்லப் போகிறேன், யார் யார் வருகிறார்கள், எதை முதலில் சொன்னால் அவருக்குப் புரியும். மழை பெய்தது, தம்பி கட்டிலுக்கு அடியில் விளையாட்டுப் பேருந்தை ஒளித்து வைத்தது, கீழே உடற்பயிற்சி செய்யும் தாத்தாவைக் காணவில்லை என்று புளோக்கே கவலைப்பட்டது. எல்லாம் சின்னப் பாட்டிக்குச் செய்தி. சிலநாள் நான் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. "நானும் அங்க இருந்த மாதிரி இருந்துச்சு" என்பார். பயிற்சி யாருக்கு நடந்தது, எனக்கா அவருக்கா என்று அம்மா பிறகு சொல்லிச் சிரித்திருக்கிறார். அந்த ஆண்டு அந்த இருபது நிமிடம் எங்கள் இருவருக்குமே தேவைப்பட்டது.

ஆகஸ்ட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட பள்ளிக்கு முகக்கவசத்தோடு போனேன். காத்திருந்த இடத்தில் எல்லாரும் ஒரே சீருடையில். நான் மட்டும் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும். எந்தப் பள்ளி என்று ஒரு பெண் கேட்டாள், வீடு என்றேன், அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. காணொளியில் என்ன வந்தது என்பதுகூட இன்று எனக்குச் சரியாக நினைவில்லை. அறைக்குள் இருந்த ஆசிரியரை ஈப்போவில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவராக நினைத்துக்கொண்டு பேசினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

எல்லைக்கோட்டைத் தாண்டினேன், தமிழில் ஏ. முதல் அழைப்பு ஈப்போவுக்குத்தான் போனது. அம்மா சுவரிலிருந்து 33ஐக் கிழித்தார். "பேருந்து இனிமே வராதா?" என்று கேட்டான் தம்பி.

உயர்நிலை ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தனித் தேர்வராக சாதாரண நிலைத் தேர்வு எழுதினேன். பாடநூல் படிப்பதில் சிரமமில்லை. அறிவியல் செய்முறைதான் சிரமம். பள்ளி ஆய்வுக்கூடம் கிடையாது, கட்டணம் கட்டித் தனியார் நிலையத்தில் பயிற்சி எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டணத்துக்காக அப்பா கூடுதல் ஷிப்ட் எடுத்தார். அப்பாவோடு இருக்கத்தான் எல்லாம் தொடங்கியது என்பதை நினைத்து நாங்கள் இருவரும் ஒருநாள் இரவு சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு என்று சொல்ல முடியாது.

தொழிற்கல்லூரியில் முதல் குழு ஒப்படைப்பு வந்தபோது எனக்கு இன்னொரு பாடம் காத்திருந்தது. ஐந்து பேர் கொண்ட குழு, இரண்டு வார அவகாசம். இரண்டே இரவில் நானே முழுவதையும் செய்து முடித்து, எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். மகிழ்ச்சியடைவார்கள் என்று நினைத்தேன். "நல்லாதான் இருக்கு. ஆனா நீ எங்களை ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே" என்றாள் ஒருத்தி. பத்து ஆண்டுகள் வகுப்பில் ஒரே மாணவியாக இருந்தவளுக்கு அது தோன்றவே இல்லை. இதற்குத் தேக்காவிலும் பயிற்சி கிடைத்திருக்காது. இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது ஒப்படைப்பில் எனக்கு ஒரு பகுதி மட்டும் கொடுத்தார்கள், மற்றப் பகுதிகளைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது முழுவதையும் செய்வதைவிடக் கடினமாக இருந்தது.

தம்பிக்கு இப்போது பதினொரு வயது. அடுத்த ஆண்டு அவனுக்குப் பிஎஸ்எல்இ. சுவரில் மறுபடியும் 33 ஒட்டியாகிவிட்டது. ஆனால் அவன் என்னைப் போல இல்லை. மின்தூக்கியில் ஏறினால் இறங்குவதற்குள் மூன்று பேரிடம் பேசிவிடுவான். மாவு புளிப்பதை எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க அவனால் முடியாது, கீழே பந்து விளையாட ஆள் வந்துவிடும். போன மாதம் சாப்பிடும்போது, "பிஎஸ்எல்இ முடிச்சு நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போறேன்மா. எனக்கு ஒரு வகுப்பு வேணும்" என்றான்.

அம்மா இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அவன் பக்கமா அம்மா பக்கமா என்று அப்பா கேட்டார். ஆறு வாரம் நண்டு எண்ணியதை யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தம்பி கேட்பது நியாயம் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சொன்னேன். மூன்றாம் நாள் அம்மா, பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் எது என்று தேடிக் கண்டுபிடித்து, அவனை அழைத்துப் போய்விட்டு வந்தார்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவன்தான் ஈப்போவுக்கு அழைத்தான். நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அம்மா சமையலறையில் சத்தம் போடாமல் ஏதோ கழுவிக்கொண்டிருந்தார். "பெரிய திடல் சின்னப் பாட்டி, நம்ம புளோக் ரெண்டை வச்சா சரியா இருக்கும். சிற்றுண்டிச் சாலையில ஆறு கடை. நாசி லெமாக் கடை மூணாவது. வகுப்பு நாலாவது மாடியில, அங்கேருந்து பார்த்தா ரயில் போறது தெரியும்..." மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனான்.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். தம்பி நிறுத்திவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

"வாசல் எந்தப் பக்கம்னு நான் கவனிக்கல, சின்னப் பாட்டி" என்றான். "இன்னொரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."